பொட்டு ஓரம் வரை முளைத்த கிருமி

போன இதழில் சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றியும், அதில் தென்படும் மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றியும் எழுதும்போது, ‘என் தம்பியின் மீன் குட்டையிலும் இதே கூத்துதான்’ என்று ஓரமாக ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் சிறுநீரைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மீனைப் பற்றி 23 பேர். நம் வேலூர்ப் பக்கம் இத்தனை பேர் குட்டை வெட்டி மீன் விட்டிருக்கிறார்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதனால் இந்த முறை முழுக்க மீன்தான். சிறுநீர்க்காரர்கள் இருவரும் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும். அடக்கிக்கொள்ளவும் என்று நான் எழுதவில்லை.

அக்கா, முக்கால் ஏக்கரில் பண்ணைக்குட்டை வைத்திருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து 5,000 குஞ்சு விட்டேன். ஐந்தாம் மாதம் வயிற்றில் ரத்தப் பொட்டு, செதில் தூக்கிக்கொண்டு, தினம் பத்து இருபது மிதந்தது. கடையில் கொடுத்த டெட்ராசைக்ளின் பவுடரைத் தவிட்டில் பிசைந்து போட்டேன். நாலு நாளில் நின்றுவிட்டது. இருபது நாள் கழித்துத் திரும்ப வந்தது. இப்போது அதே மருந்து கேட்கவில்லை. டபுள் டோஸ் போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?
— ஒரு விவசாயி, குடியாத்தம்

வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்ல என் தம்பியின் கதையைத்தான் எடுக்க வேண்டும். அவன் கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் அவனுக்கு அரை ஏக்கர் குட்டை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையில் மேட்டு நிலத்துத் தண்ணீர் மொத்தமும் குட்டையில் இறங்கியது. டிசம்பரில் ஆரம்பித்தது, நீங்கள் எழுதியிருக்கிற அதே ரத்தப் பொட்டு, உப்பிய வயிறு. கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் பவுடரை வாங்கித் தீவனத்தில் கலந்தான். சாவு குறைந்தது. நாலாம் நாளே மருந்தை நிறுத்திவிட்டான், காசு மிச்சம் என்று. பொங்கல் கழிந்ததும் மறுபடி வந்தது. இரட்டை அளவு போட்டான், கேட்கவில்லை. அப்புறம் மனிதர்கள் சாப்பிடும் சிப்ரோபிளாக்சசின் மாத்திரையை அம்மியில் நுணுக்கிப் போட்டான். எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் எனக்கு போன்: “இன்னாக்கா, முப்பத்தாறு வருஷம் கிருமி பாத்த, இத்த ஒரு வாட்டி பாரேன்.”

ஒரு ஆஸ்பத்திரி லேபில் 1984-லிருந்து கிருமி வளர்க்கும் தட்டுகளைப் படித்தவள் நான். அப்போது ஓய்வுபெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, கை இன்னும் மறக்கவில்லை. சாகும் தறுவாயில் பக்கவாட்டில் நீந்திக்கொண்டிருந்த ஒரு ரோகுவை உயிரோடு எடுத்துவந்து, தெரிந்த பெண் நடத்தும் சின்ன லேபில் அறுத்தேன். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அதுதான் மீனின் சிறுநீரகம். ரத்தத்தில் கிருமி ஓடினால் அங்கே கிடைக்கும். லூப் என்கிற கம்பி வளையத்தால் தொட்டுத் தட்டில் இழுத்தேன். மறுநாள் வளர்ந்திருந்தது ஏரோமோனாஸ். குளம், ஏரி, கிணறு எல்லாவற்றிலும் சும்மா கிடக்கும் கிருமிதான். மீன் நலமாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது, மீன் தளர்ந்தால் உள்ளே புகுந்துவிடும்.

மருந்துத் தட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கை அகலத் தட்டில் வடிகஞ்சி நிறத்தில் அகார் என்ற கிருமி வளர்க்கும் கூழ் உறைந்திருக்கும். அதன்மேல் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவி, ஸ்டிக்கர் பொட்டு மாதிரி 6 மில்லிமீட்டர் காகித டிஸ்க்குகளை வைப்போம். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு மருந்து. மருந்து ஊறிச் சுற்றிலும் பரவும். மறுநாள் காலையில் தட்டு முழுக்க மாவு தூவின மாதிரி கிருமி படர்ந்திருக்கும். கேட்கிற மருந்தைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம் விழும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்ததுதான் என் பிழைப்பு.

தம்பி குட்டை ரோகுவின் தட்டில் டெட்ராசைக்ளின் பொட்டைச் சுற்றி வட்டமே இல்லை. கிணற்று உறையை ஒட்டிப் புல் முளைக்குமே, அந்த மாதிரி பொட்டின் ஓரத்தை முட்டிக்கொண்டு கிருமி முளைத்திருந்தது. சல்பா என்ற இன்னொரு மருந்தின் பொட்டிலும் அதே கதை, இத்தனைக்கும் சல்பாவை அவன் போடவே இல்லை. சிப்ரோவைச் சுற்றி வட்டம் விழுந்திருந்தது, ஆனால் வட்டத்துக்குள்ளே ஊசிமுனை அளவில் மூன்று புள்ளிகள். அந்த மூன்றும் மருந்துக்கு நடுவிலேயே குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தன. ஆம்பிசிலினுக்கும் வட்டமில்லைதான், அதில் அதிசயமில்லை. ஏரோமோனாஸ் பிறவியிலேயே ஆம்பிசிலினுக்கு மசியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதக் கிருமிக்கு வைத்திருக்கும் அட்டவணையால் மீன் கிருமியின் வட்டத்தை அளக்கக் கூடாது. மீன் கிருமியை 28 டிகிரியில் வளர்த்துத் தனி அட்டவணையில் பார்க்க வேண்டும். நான் செய்தது அவசரத்துக்கு. ஆனால் வட்டமே விழாத இடத்தில் அளப்பதற்கு என்ன இருக்கிறது?

சரி, உங்கள் குட்டையில் நாலு நாளில் நின்றதே, அது எப்படி என்று கேட்பீர்கள். என் தம்பியும் இதையேதான் கேட்டான். ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நோய் கண்ட மீன் முதலில் விடுவது தீனியைத்தான். மருந்து கலந்த தவிட்டைப் போட்டி போட்டுக்கொண்டு தின்றது தெம்பாக இருக்கிற மீன். சாகக் கிடந்தது ஓரத்தில் ஒதுங்கி நின்று, இரண்டு நாளில் போய்ச் சேர்ந்திருக்கும். இடையில் வானம் தெளிந்திருக்கும், இல்லை நீங்கள் கொஞ்சம் புதுத் தண்ணீர் விட்டிருப்பீர்கள். மருந்தும் ஓரளவு வேலை செய்திருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பேர் முழுக்க அதற்குப் போய்விட்டது.

தின்ற மருந்தும் முழுக்க மீனின் உடம்பில் சேர்வதில்லை. டெட்ராசைக்ளின் வகையை மீன் குடல் கொஞ்சம்தான் உறிஞ்சும். பெரும்பகுதி எச்சத்தோடு அடிச்சேற்றுக்குப் போகிறது. தின்னாமல் ஊறிப்போன தவிடும் அங்கேதான் போகிறது. மீனைக் குணப்படுத்தப் போதாத, ஆனால் சேற்றிலிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளில் சாதுவானவற்றை மட்டும் கொன்று முரடுகளுக்கு இடம் காலி பண்ணிக் கொடுக்கப் போதுமான அளவு. இருபது நாள் கழித்து வந்தது அந்த முரடுகள்தான். இப்போது டபுள் டோஸ் போட்டால் அவற்றில் பெருமுரடு எது என்று தேர்வு நடக்கும், அவ்வளவுதான்.

தண்ணீரிலேயே கரைத்து ஊற்றலாமே என்று இன்னும் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே என்று டாக்டர் சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? பாலிலுள்ள கால்சியம் மருந்தைக் கட்டிப் போட்டுவிடும். நம் ஊர் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, அத்தனை கால்சியமும் மெக்னீசியமும். அதில் மருந்தை ஊற்றினால் பாதி ஊற்றும்போதே கட்டுண்டுபோகும்.

அப்புறம் என்னதான் செய்வது? உங்கள் கடிதத்தில் நோய் எது என்று எனக்குத் தெரிந்தது முதல் வரியிலேயே. முக்கால் ஏக்கருக்கு 5,000 குஞ்சு. தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரம் இல்லாத குட்டையில் ஏக்கருக்கு 4,000 தாண்டக் கூடாது, உங்களுக்கு அது 3,000. விற்கிற அளவில் இருப்பதைப் பிடித்துக் கூட்டத்தைக் குறைக்கப் பாருங்கள். மருந்து போட்டு அதிக நாள் ஆகவில்லை என்பதால் உடனே மார்க்கெட்டுக்கு அனுப்பாதீர்கள், மீன்வளத் துறையில் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். தீனியை மூன்று நான்கு நாள் நிறுத்துங்கள், மீன் பட்டினியால் சாகாது. செத்ததை உடனுக்குடன் அள்ளிக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள், கரையில் வீசினால் காக்கை அடுத்த குட்டைக்குக் கொண்டுபோகும். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே நின்றால் தண்ணீரில் காற்று இல்லை என்று அர்த்தம், போர் தண்ணீரை மேலிருந்து பீய்ச்சி அடியுங்கள்.

சுண்ணாம்பு நல்லதுதான், ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டாதீர்கள். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். ஏற்கெனவே எட்டரையைத் தாண்டியிருந்தால் சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றும். பி.எச். ஏற ஏறத் தண்ணீரிலுள்ள அம்மோனியா விஷமாகும். பி.எச். அட்டை விலை குறைவுதான், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வாங்குவதாக இருந்தால் தட்டு பார்த்த பிறகு, அந்தத் தட்டில் கேட்கிற மருந்தை, கால்நடை அல்லது மீன்வள மருத்துவர் எழுதிக் கொடுத்து, சொன்ன நாள் முடியும்வரை போடுங்கள். நாலாம் நாள் நிறுத்துகிற வேலை வேண்டாம்.

மருந்துக்கு அடங்காத கிருமி ஏரி மீனில் இருக்கிறது என்றால், பிள்ளைகளுக்கு மீன் கொடுக்கலாமா அம்மா? பயமாக இருக்கிறது.
— இல்லத்தரசி, சத்துவாச்சாரி

தாராளமாகக் கொடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்லா தலை வாங்குகிறவள். மருந்துக்கு அடங்காத கிருமி என்றால் நெருப்புக்கும் அடங்காது என்று அர்த்தமில்லை. கொதிக்கிற குழம்பில் எல்லாக் கிருமியும் ஒன்றுதான்.

ஆபத்து சட்டிக்கு முன்னால் இருக்கிறது. மீன் அரிந்த அருவாமனையைச் சும்மா தண்ணீரில் அலசிவிட்டு, அதிலேயே பச்சடிக்கு வெங்காயம் அரிகிறோம் பாருங்கள், அங்கே. உப்பும் மஞ்சளும் போட்டுக் கழுவினேனே என்பீர்கள். அது கவிச்சியைப் போக்கும், கிருமிக்கு அது ஒரு குளியல். அருவாமனையைச் சோப்பு போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள். பச்சடியை முதலில் அரிந்து வைத்துவிட்டு மீனைத் தொட்டால் இன்னும் சுலபம்.

இன்னொன்று கை. செதில், முள் குத்தின இடம் மறுநாள் சிவந்து வீங்கி மேலே ஏறினால் மஞ்சள் பற்றுப் போட்டு உட்கார்ந்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். போனதும் ‘மீன் அரிந்தேன்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கனடாவின் டொரன்டோவில் 1995-96-ல் கை வீங்கி வந்தவர்களை விசாரித்தபோது, அவர்கள் சமையலுக்கு முழு மீனைச் சுத்தம் செய்தவர்கள் என்று தெரிந்தது. பெரும்பாலும் திலேப்பியா, நம் ஊரில் ஜிலேபி என்கிறோமே, அதுதான். மீனுக்கு நோய் தரும் ஒரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி அவர்கள் கைக்கு ஏறியிருந்தது. 2015-ல் சிங்கப்பூரில் அதன் தாயாதி ஒன்று, நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களைப் படுக்கவைத்தது. பச்சை மீன் தின்கிற பழக்கம் நமக்கு இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம்.

மருந்து மிச்சம் வேறு விஷயம். அடுப்புச் சூட்டில் எல்லா மருந்தும் முழுசாக அழிந்துவிடாது. அதனால்தான் மருந்து போட்ட குட்டையில் இத்தனை நாள் பொறுத்துப் பிடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் குட்டைக்காரர், நீங்கள் அல்ல. மேலே குடியாத்தம் தம்பிக்கு எழுதியதை அவர் படிப்பார் என்று நம்புவோம்.

பாக்டீரியா மருந்தை எதிர்க்க எப்படி ‘கற்றுக்கொள்கிறது’ மேடம்? எங்கள் பாடப்புத்தகத்தில் நான்கு வரிதான் இருக்கிறது.
— பி.எஸ்சி. மாணவி, ஆற்காடு

கற்றுக்கொள்வதில்லைம்மா. கோடிக்கணக்கில் பெருகும்போது பிரதி எடுப்பதில் பிழை விழும். ஒரு பிழை தற்செயலாக மருந்துக்கு இடைஞ்சலாக அமைந்துவிடும். மருந்து இல்லாத குளத்தில் அதற்கு மவுசு கிடையாது, கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றதெல்லாம் செத்து, அது ஒன்று மட்டும் மிஞ்சும். நல்ல சூழலில் அரை மணிக்கு ஒரு தரம் இரண்டாகப் பெருகும் ஜாதி. காலையில் ஒன்று மிஞ்சினால் ராத்திரிக்குள் ஊர் முழுக்க அதன் பிள்ளைகள்தான்.

எதிர்க்கும் வித்தை பல உண்டு. சிலது மருந்தை வெட்டிப் போடும் நொதியைச் சுரக்கும், ஏரோமோனாஸ் ஆம்பிசிலினை அப்படித்தான் வெட்டுகிறது. சிலது மருந்து ஒட்டுகிற இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்ளும், பூட்டை மாற்றினால் பழைய சாவி என்ன செய்யும்? எனக்குப் பிடித்தது மூன்றாவது. வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தால் வாளி வைத்து இறைக்கிறோமே, அதுபோல் உள்ளே வருகிற டெட்ராசைக்ளினை வெளியே இறைத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் உன் நான்கு வரியில் இருக்கும். இல்லாதது என் தம்பியின் சல்பா புதிர். சல்பாவே போடாத குட்டையில் சல்பாவுக்கு வட்டம் ஏன் விழவில்லை?

பரீட்சை ஹாலில் பிட்டு கைமாறுவதைப் பார்த்திருப்பாய் (நீ செய்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்). பாக்டீரியாவிடம் பிளாஸ்மிட் என்று ஒரு வளையம் உண்டு. மருந்தை எதிர்க்கும் விடைகள் அதில் எழுதியிருக்கும், பல சமயம் ஒரே பிட்டில் நாலைந்து பாடத்துக்கு விடை. பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு அதற்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும், தன் பிரதியையும் வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கிருமி அதே ஜாதியாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஜப்பானில் 1959-ல் கண்டுபிடித்தது இதைத்தான்: சீதபேதிக் கிருமியும் குடலில் சாதுவாக இருக்கும் ஈ.கோலையும் ஒன்றுக்கொன்று பல மருந்து எதிர்ப்பை மொத்தமாகக் கைமாற்றிக்கொண்டிருந்தன. என் தம்பி டெட்ராசைக்ளின் போட்டபோது அந்த விடை இருந்த பிட்டு தப்பியது. அதே பிட்டில் சல்பாவும் இருந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும். நான் பிட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை, ஆனால் அந்தத் தட்டுக்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. பாசிக்குப் போடும் மயில்துத்தத்திலுள்ள செம்பும் இப்படிச் செய்யக்கூடும். செம்பைத் தாங்கும் விடையும் மருந்துக்கான விடையும் ஒரே பிட்டில் இருந்தால், செம்பு போட்டாலே மருந்து எதிர்ப்பு தங்கிவிடும்.

மீன் கிருமிக்கும் நம் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று உன் பேராசிரியர் கேட்டால் இதைச் சொல். சிப்ரோபிளாக்சசினை மழுக்கும் கியூ.என்.ஆர். என்ற மரபணுவை நோயாளியிடமிருந்து எடுத்த ஒரு கிருமியில் கண்டதாக 1998-ல் எழுதினார்கள். அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனவர்கள் 2005-ல் போய் நின்ற இடம் ஷெவனெல்லா என்ற தண்ணீர்க் கிருமி. தண்ணீரில் கிடந்த ஒன்றின் விடை, பிட்டு பிட்டாகக் கைமாறி வார்டுக்கு வந்திருக்கிறது.

1972-ல் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியபோது குளோராம்பெனிகால் கேட்கவில்லை. அந்த எதிர்ப்பும் கைமாறக் கூடிய வகை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டைபாய்டு என்றாலே குளோராம்பெனிகால்தான், தட்டில் ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்டம் விழும். பத்து வருஷத்துக்குள் அந்த வட்டம் இல்லாத தட்டுகளை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து வந்தது சிப்ரோ, அந்த வட்டமும் சுருங்கியது. தம்பி அம்மியில் நுணுக்கியது அதைத்தான்.

குட்டைக்குக் கோழி எரு லோடு லோடாக இறக்குகிறேன். பாசி நன்றாக வருகிறது, மீன் கொழுக்கிறது. இதிலுமா பிரச்சினை என்பீர்கள்?
— ஒரு மீன் வளர்ப்பவர், ஆரணி

பாதிப் பிரச்சினை என்பேன் ஐயா. எரு போட்டுப் பாசி வளர்ப்பது பழைய, நல்ல முறைதான். எந்தக் கோழியின் எரு என்பதுதான் கேள்வி. தீவனத்தில் மருந்து தின்ற கோழியின் எச்சத்தில் மருந்தும் வரும், அந்த மருந்துக்குப் பழகிய கிருமியும் வரும். நீங்கள் ஒரு பொட்டலம்கூட வாங்காமலேயே உங்கள் குட்டைக்கு மருந்து போய்ச் சேரும்.

கொலிஸ்டின் என்ற மருந்து ஆஸ்பத்திரியில் கடைசிக் கையிருப்பு. வேறு எதுவும் கேட்காதபோது எடுப்பது. அதைக் கோழிக்கு வளர்ச்சிக்காகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொலிஸ்டினுக்கு எதிரான ஒரு பிட்டு சீனாவில் பன்றிகளிடம் இருப்பதாக 2015-ல் தெரிந்ததும் உலகமே ஆடிப்போனது. இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைத் தடை செய்தார்கள். குளோராம்பெனிகாலும் நைட்ரோபியூரான் வகைகளும்கூடத் தடைதான், பேர் எழுதாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எருவைப் பச்சையாக இறக்காமல் குவித்து, மூடி, புரட்டி, சூடேறி ஆறிய பிறகு போடுங்கள். கிருமி முழுக்கப் போகாது, நிறையக் குறையும். முடிந்தால் மாட்டுச் சாணத்துக்கு மாறுங்கள். பழியெல்லாம் குட்டைக்காரர் தலையில் என்றும் நான் சொல்லவில்லை. நாம் சளிக்கு விழுங்கும் மாத்திரை சாக்கடை வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று அவரவர் தெருவில் நின்று பார்த்தால் தெரியும்.

மார்கழி வந்தால் என் விரால் மீனுக்கு உடம்பெல்லாம் குழி விழுந்த புண். மூன்று வகை ஆன்டிபயாடிக் போட்டும் ஆறவில்லை. இதுவும் அடங்காத கிருமியா?
— வாசகர், காவேரிப்பாக்கம்

இல்லை. நீங்கள் ஆள் மாறி அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குளிர் இறங்கும்போது விராலுக்குக் குழிப்புண் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அபனோமைசிஸ். அது பாக்டீரியாவே இல்லை, பூஞ்சை மாதிரியான ஒன்று. 1988-ல் இந்தியாவுக்குள் வந்தது, சில வருஷத்தில் தமிழ்நாட்டு ஏரிகளை ஒரு கை பார்த்தது. விராலும் மிர்காலும் சீக்கிரம் விழும், ஜிலேபிக்கு ஒன்றும் ஆகாது. ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. புண்ணில் பின்னால் வந்து குடியேறும் ஏரோமோனாஸுக்குப் பயிற்சி கொடுத்ததுதான் மிச்சம்.

குளிருக்கு முன்பே, ஐப்பசி கார்த்திகையில், பி.எச். பார்த்துச் சுண்ணாம்பு போட்டு வைப்பதுதான் காப்பு. புண் வந்துவிட்டால் புவனேஸ்வரத்து மத்திய நன்னீர் மீன்வள நிறுவனம் கண்டுபிடித்த சிபாக்ஸ் என்ற கரைசல் உண்டு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேருக்கு 1 லிட்டர். மீன் பேன் ஒட்டியிருந்தாலும் ஆன்டிபயாடிக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேனுக்கு மூங்கில் கழி நட்டு வையுங்கள், அதில் முட்டையிடும், எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். நம் ஊர் வெயில் அதற்காவது உதவட்டும்.

வெளிநாட்டில் மருந்தே இல்லாமல் லட்சக்கணக்கான டன் மீன் வளர்க்கிறார்களாமே, உண்மையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வாலாஜாபேட்டை

மருந்தே இல்லாமல் என்பது மிகை ஐயா, நார்வே அதற்குப் பக்கத்தில் போயிருக்கிறது. 1987-ல் ஐம்பதாயிரம் டன் சொச்சம் மீன் வளர்க்க ஐம்பது டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக ஆன்டிபயாடிக் கொட்டினார்கள். இன்று பத்து லட்சம் டன்னுக்கு மேல் சால்மன், மருந்து ஒரு டன்னுக்கும் கீழே. தடுப்பூசிதான் காரணம். அவர்களை ஆட்டிவைத்த நோய்களில் ஒன்று நம் ஏரோமோனாஸின் அண்ணன் தம்பி முறைதான். ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து வயிற்றில் ஊசி போடுகிறார்கள். சால்மன் விலைக்கு அது கட்டும். சில ரூபாய்க்கு வாங்கும் நம் ரோகு குஞ்சுக்கு ஆள் வைத்து ஊசி போட்டால் ஊசிக்காரர் கூலியில் குட்டையே போய்விடும். தீவனத்தில் கலந்து கொடுக்கிற தடுப்பு மருந்து மலிவாக வந்தால்தான் நமக்கு விடிவு.

நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவார். என்னை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?
— பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

உங்களைத் திட்டவில்லை, என் தம்பியைத் திட்டினேன். சீட்டு இல்லாமல் அந்த மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அட்டையிலேயே சிவப்புக் கோடு போட்டு எழுதியிருக்கிறது, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த கடைக்காரரும் இதே வரியைத்தான் எனக்கு எழுதுவார்.

தட்டு பார், தட்டு பார் என்கிறீர்கள். வேலூரில் மீனை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? எப்படிக் கொண்டுபோவது?
— வாசகர், அணைக்கட்டு

எனக்கு நேரில் கொண்டுவராதீர்கள், போன மாதம் ஒருவர் பையோடு வாசலில் நின்றார், வீட்டில் பூனை வேறு இருக்கிறது. முதலில் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், எங்கே அனுப்புவது என்று சொல்வார்கள். மாதவரத்தில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நோயறியும் ஆய்வகம் இருக்கிறது. பக்கத்திலேயே மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் நீர்வாழ் உயிரின ஆராய்ச்சி நடக்கிறது. நன்னீர் இறாலின் வெள்ளை வால் நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பே ஆதார ஆய்வகமாக ஏற்றுக்கொண்ட இடம். நம் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. போவதற்கு முன் போன் செய்து, பண்ணைக்காரர்களின் மீனை வாங்கிப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்து மிதந்ததை எடுத்துப் போனால் பயனில்லை. செத்த மீனில் இரண்டு மணி நேரத்தில் ஊர்க்கிருமி எல்லாம் குடியேறிவிடும், எது கொன்றது எது பிறகு வந்தது என்று பிரிக்க முடியாது. சாகப்போகிற மீன் மூன்று நான்கை உயிரோடு, குஞ்சு வாங்கும்போது கொடுப்பார்களே ஆக்சிஜன் அடைத்த பை, அதில் போட்டுக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் அப்போதே ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள், ப்ரீசரில் உறைய வைக்க வேண்டாம். ஒரு பாட்டில் குட்டைத் தண்ணீரும், இதுவரை என்னென்ன மருந்து எத்தனை நாள் போட்டீர்கள் என்று ஒரு சீட்டும். அந்தச் சீட்டில் பொய் எழுதாதீர்கள். என் தம்பி சிப்ரோ போட்டதை மறைத்தான், வட்டத்துக்குள் இருந்த மூன்று புள்ளிதான் காட்டிக் கொடுத்தது.

உங்கள் தம்பி குட்டை இப்போது எப்படி இருக்கிறது?
— மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

அந்த வருஷம் பாதிக்குமேல் செத்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, சித்திரை வைகாசி வெயிலில் சேறு பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயப் போட்டான். மேல்சேற்றை வழித்துத் தென்னைக்குக் கொட்டினான். அடுத்த பருவம் 4,000 விட்ட இடத்தில் 1,800 விட்டான், மேட்டுத் தண்ணீர் இறங்காமல் வரப்பு போட்டான். நடுவில் ஒரு வாரம் நாலைந்து மீன் மிதந்தது. இந்த முறை கடைக்குப் போகாமல் எனக்கு போன் செய்தான். தீனியை நிறுத்து என்றேன். “தீனிய நிறுத்துறதுக்கு ஒரு டாக்டரா” என்று முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான். ஆடியில் பிடித்தபோது ரோகு முக்கால் கிலோ வந்தது. எனக்கு இரண்டு கொண்டுவந்து கொடுத்தான், மீன் அரிந்த கூலியாக முள் குத்தியதுதான் மிச்சம், மறுநாள் சிவக்கவில்லை.